சோத்தாங்கை எது?

என் வலது தோள் போன வருஷம் வேலைநிறுத்தம் செய்தது. சட்டை மாட்டக் கை பின்னால் போகவில்லை, அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறவில்லை. மும்பை செம்பூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு வாரம் மூன்று நாள் போகச் சொன்னார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் இருந்தவன் நான். எந்த மனுவுக்கு எத்தனை நகல், யார் முத்திரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொந்தக் கையைத் தூக்குவதற்கு மட்டும் நடைமுறை தெரியாமல் மாதுங்காவிலிருந்து பஸ் ஏறினேன்.

அங்கே என் கையைப் பிடித்து மேலே தள்ளும் உதவியாளர் தாராவியைச் சேர்ந்த பெண். இருபத்து மூன்று வயது, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். காலையிலும் மாலையிலும் குத்துச்சண்டைப் பயிற்சி. நடுவில் என்னைப் போன்றவர்களின் எலும்பு.

இரண்டாம் நாளே கேட்டாள். "சார், நீங்க நொட்டாங்கையா?"

"எப்படித் தெரியும்?"

"கையெழுத்து சோத்தாங்கையிலதான் போட்டீய. ஆனா கண்ணாடி கீழ விழப் போனப்ப நொட்டாங்கைல்லா ஓடிச்சு."

உண்மைதான். என் இடது கையை ஆறு வயதில் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ்கூடக் கிடையாது.

"நானும் அப்படித்தான் சார். ஆனா ரிங்ல நான் ரைட்டு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என் படுக்கை பக்கத்திலேயே நின்று காட்டினாள். வலது கைக்காரர்கள் இடக்காலையும் இடக்கையையும் முன்னால் வைத்து நிற்பார்கள். அதற்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். முன்கை எட்டி எட்டிக் குத்தி எதிராளியை அளக்கும். பலமான கை பின்னால் காத்திருந்து இடுப்பின் திருகலோடு இறங்கும். இடது கைக்காரர்கள் இதைத் தலைகீழாக வைத்து நின்றால் சவுத்பா. இவள் இடது கைக்காரி, நிற்பதோ ஆர்த்தடாக்ஸ். பலமான கை முன்னால் நின்று அளந்துகொண்டிருந்தது.

"ஏன் அப்படி?"

"பாக்ஸிங் கிளப்புல சேந்த அன்னிக்கு மாஸ்டர் கேட்டாவ, 'ஏட்டி, ஒனக்குச் சோத்தாங்கை எது?'ன்னு. இதக் காட்டுனேன். சோறு இதுலதான திங்கேன்? ரைட்டுன்னு எழுதிட்டாவ."

சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்தது. நம் வீடுகளில் எந்தக் குழந்தை இடது கையால் சோறு தின்ன முடியும்? முதல் கவளத்திலேயே அடி விழும். ஆகவே அந்தக் கேள்விக்குத் தமிழர்களிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஒரே பதில் உள்ள கேள்வியைக் கேட்டுவிட்டு 'விசாரித்தோம்' என்று குறிப்பு எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் பதவி உயர்வு கிடைத்தது.

அவளுக்கு அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. இரண்டு தடவை கடைசிச் சண்டை வரை போய்த் தோற்றிருக்கிறாள். எதிராளி தளர்ந்து நிற்கும்போது பின்னாலிருந்து போனது பலவீனமான கை. இந்த முறை மாறி நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாஸ்டர் மறுத்துவிட்டார்.

"போட்டி ஃபார்ம்ல ஆர்த்தடாக்ஸ்னு போட்டாச்சாம், இனி மாத்த ஏலாதாம். மீறி மாறி நின்னா பேரே குடுக்க மாட்டேங்காவ."

ஃபார்ம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் தோள்வலி போய்விட்டது. "அந்த ஃபார்மைக் காட்டு" என்றேன்.

போனில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். பெயர், பிறந்த தேதி, எடை, மருத்துவச் சான்றிதழ், கிளப் முத்திரை. எப்படி நிற்பாய் என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை. இல்லாத கட்டத்தைக் காட்டி ஒரு பெண்ணை மிரட்டியிருக்கிறார். அலுவலகத்தில் எத்தனையோ விதமான பொய்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருக்கிறேன். படிவத்தின் தலையில் கட்டும் பொய்யை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். கீழே தையல் மிஷின்கள் ஓடுகிற பட்டறை; மேலே கிளப். ரயில் பெட்டியைப் போல நீண்டு ஒடுங்கிய கூடம், கோடியில் கயிறு கட்டிய ரிங். மாஸ்டர் ஐம்பது வயதுக்காரர், என்னைவிடப் பணிவானவர்.

"வாங்க சார், உக்காருங்க. சாய் சொல்லட்டா?"

"சாய் இருக்கட்டும். ஃபார்ம்ல எந்தக் கட்டத்துல ஆர்த்தடாக்ஸ்னு எழுதினீங்க?"

கொஞ்சமும் வெட்கப்படாமல் சிரித்தார். "அது சும்மா சார், பிள்ளைக்கு ஒரு பயம் இருக்கணும்லா? ஆனா நம்ம ரெஜிஸ்டர்ல இருக்கு, பாருங்க."

பார்த்தேன். பெயர், எடை, ரத்த வகை, கை. கடைசிப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ரைட், ரைட், ரைட். அடுத்த பக்கமும் அப்படியே.

"இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட இடது கை இல்லையா?"

"அதான சார் ஆச்சரியம்! நம்ம கிளப்புல ஒரு நொட்டாங்கை கெடையாது" என்றார், பெருமையாக.

கேள்வியே கோளாறு என்று விளக்கினேன். கேட்டார். பிறகு உண்மையைச் சொன்னார். "சார், இந்த எடத்தப் பாருங்க. லைன்ல நிக்காவ. நடுவுல ஒருத்தி மாறி நின்னா பக்கத்தாளு முழங்கையில இடிப்பா. தெனமும் பஞ்சாயத்து."

ஆக, ஒரு மனுஷியின் கையைத் தீர்மானித்தது கூடத்தின் அகலம். சுவர் குறுகல் என்றால் சுவரையல்லவா திட்ட வேண்டும்? அதைத்தான் சொன்னேன், சற்று உரக்க.

"அதுமட்டுமில்ல சார். நல்ல கை முன்னால இருந்தா அளக்குற குத்தே அடியாயிரும். நொட்டாங்கைக்காரன் எத்தன பேரு அப்படித் தேர்ந்தெடுத்து நிக்கான்!"

அது பொய் இல்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் வாயிலிருந்தே வந்த அந்தச் சொல்தான் என் வழக்கு முழுவதும். தேர்ந்தெடுத்து. இவளை யார் எதைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள்?

"நீங்க எப்பவாது குத்து வாங்கிருக்கீயளா சார்?" என்றார் மாஸ்டர்.

"முப்பத்தஞ்சு வருஷம், மேலதிகாரிங்க கிட்ட."

கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ரெண்டு பேரும் என் கைக்குச் சண்ட போடுதீய. முடிஞ்சிச்சின்னா சொல்லுங்க, எனக்கு ரிங் வேணும்." பிறகு மாஸ்டரிடம், "மூணு மாசமா வீட்டு மாடியில மாறி நின்னுதான் பழகுதேன். ஒருக்கா பாத்துட்டுப் பேசுங்க" என்றாள்.

மூன்று மாதம்! எனக்கும் இது செய்தி.

ஒரு ஹிந்திக்காரப் பெண்ணோடு இறங்கினாள், வலக்கால் முன்னால். இரண்டு பேரின் முன்கால்களும் முட்டிக்கொண்டன. தடுமாறிய இவள் மூக்கில் நேராக ஒரு வலது குத்து. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். இன்னொன்றும் வாங்கினாள். பிறகு தன் வலக்காலை மற்றவளின் காலுக்கு வெளிப்பக்கமாக நகர்த்தி ஊன்றினாள். பின்னால் காத்திருந்த இடது கை புறப்பட்டதை நான் காணவில்லை. மற்றவள் தரையில் உட்கார்ந்திருந்ததைத்தான் கண்டேன்.

"அரே, யே கிதர் ஸே ஆயா?" என்று கேட்டாள் அவள், நிஜமான வியப்போடு. எங்கிருந்து வந்தது என்றால், பிறந்ததிலிருந்து அங்கேதான் இருந்தது அம்மா.

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "பேரு குடுக்கேன். தோத்தா என்னைச் சொல்லப்புடாது."

கிளம்பும்போது ரெஜிஸ்டரையும் திருத்தச் சொன்னேன். வெள்ளை மை தடவக் கூடாது. தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். எதுவும் நடக்காது என்று அதற்கு அர்த்தம்.

தேர்வுப் போட்டிக்குப் போயிருந்தேன். வலக்காலை முன்வைத்து நின்றாள். முதல் சுற்றில் திணறினாள், அடுத்த இரண்டிலும் அந்த இடது கை பேசியது. நடுவர் அவள் கையைத் தூக்கினார். அடுத்த நிமிடம் மாஸ்டர் ஒரு நிர்வாகியிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "பிள்ளய சவுத்பாவா நிறுத்துனது நாந்தான். வந்த அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டேன்லா." எழுந்தேன். ஆட்சேபம் தெரிவிக்கக் கையைத் தூக்கப் பார்த்தேன், தோள் மறுத்தது. ரிங்கிலிருந்து அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் கேட்டேன். "ரெஜிஸ்டர்ல இன்னும் ரைட்டுதானே இருக்கு?"

"இல்ல சார், நானே மாத்திட்டேன். நீங்க சொன்ன மாதிரி ஒரு கோடு, பக்கத்துல லெஃப்ட்டு, சின்னக் கையெழுத்து, தேதி."

முதல் முறையாக ஒரு பதிவேடு உண்மையைச் சொல்கிறது என்று மகிழ்ந்தேன். "எந்தக் கையால போட்டே?"

என் வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுத இந்தக் கைக்குத்தான சார் தெரியும்."