சேவுகனுக்கு நான் வாங்கிய பூட்ஸ்

பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு பதினாறு நாள். அடுப்படியில் விளக்கெண்ணெய்த் தீபம் ஏற்றி, அதன்மேல் செம்புத் தட்டைக் கவிழ்த்து, குழந்தைக்குக் கண்மை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கரிந்த வாடை வந்தால் மற்றவர்களுக்குப் பிள்ளை பெற்ற வீடு நினைவுக்கு வரும். எனக்கு ஒரு மோட்டார் கார் நினைவுக்கு வருகிறது. பச்சைக் கார், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. ஊர்க்காரர்கள் அதை மொட்டைக்கார் என்பார்கள். கொள்ளுப் பேத்தியைக் கொஞ்ச வேண்டிய நேரத்தில் காரை நினைக்கிற கிழவனை என்ன செய்வது? மூக்கு நாம் சொன்னபடி கேட்பதில்லை.

விளக்கெண்ணெய்க்கும் காருக்கும் என்ன உறவு என்பீர்கள். அந்த நாளில் பந்தயத்தில் ஓடும் எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றுவோம். மற்ற எண்ணெய் சூட்டில் தண்ணீராய் இளகிப் போகும், இது பிடித்து நிற்கும். காரைக்குடிக்குப் பக்கத்தில் நான் மெக்கானிக்காக இருந்த செட்டியார் வீட்டில், ஆச்சியிடம் போய் நாலு படி விளக்கெண்ணெய் கேட்டேன்.

"யாருக்குப்பா?"

"காருக்கு ஆச்சி."

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்து மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள அதுக்கும் வயித்துக்கட்டாக்கும்" என்று சொல்லி, எண்ணெயை அளக்கச் சொன்னார்.

காரை வாங்கியது ஆச்சியின் ஒரே மகன். நாங்கள் சின்ன முதலாளி என்போம். பர்மாவில் தொழில் செழிப்பாக நடந்த காலம் அது. ரங்கூனில் இருந்தபோது யாரோ வெள்ளைக்காரர்கள் பந்தயம் ஓட்டியதைப் பார்த்திருக்கிறார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் காரை வரவழைத்துவிட்டார். சென்னைக்கு வெளியே ஒரு மைதானத்தைச் சுற்றிப் பந்தயம், முதல் நாள் பழகிக்கொள்ளலாம், மறுநாள் போட்டி என்று சேதி வந்தது. தானே ஓட்ட அவருக்கு ஆசை. ஆச்சி இரண்டு வேளை சாப்பிடாமல் உட்கார்ந்தார். அதோடு அந்த ஆசை முடிந்தது. ஓட்டுகிற வேலை சேவுகனுக்கு வந்தது.

சேவுகனுக்குச் சிங்கம்புணரிப் பக்கம். விவசாயக் குடும்பம். மாட்டுவண்டிப் பந்தயத்தில் அந்த வட்டாரத்திலேயே பேர் எடுத்தவன். முதலாளி வீட்டுக்கு வில்வண்டி ஓட்ட வந்து, ஒரு வருடத்தில் கார் ஓட்டப் பழகிக்கொண்டான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஆனாலும் அவன் என்னை "மேஸ்திரி, நீங்க" என்பான், நான் அவனை "சேவுகா, வாடா" என்பேன். நான் மதுரையில் வேலை கற்றவன், கால்சட்டை போட்டவன், எட்டாவது வரை இங்கிலீஷ் படித்தவன். சட்டைப் பையில் ஒரு பேனா வேறு. அதில் பாதி நாள் மை இருக்காது.

பங்குனியில் ஒக்கூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்று வற்றிப் பாளமாகக் கிடந்தது. அதுதான் எங்கள் பந்தயத் திடல். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, வளைவுக்கு வளைவு பனைமட்டையை நட்டேன். காரில் இருந்து மட்கார்டு, முன்கண்ணாடி, விளக்குகள், மாற்றுச் சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டகையில் அடுக்கினேன். எடை குறைந்தால் வேகம் கூடும். பானெட் பறந்துவிடாமல் தோல்வார் போட்டுக் கட்டினேன். பிளக்குகளைக் கழற்றித் துலக்கி மாட்டுவதை, ஆச்சி பூஜைச் சாமான் துலக்குவதைப் போல, தினமும் செய்தேன்.

ஓட்டுகிறவனையும் தயார் செய்ய வேண்டுமே. கண்ணைக் கட்டி உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல கியரை மாற்றப் பழக்கினேன். சக்கரத்தைப் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார் என்றேன். "மாட்டுக்கும் அப்புடித்தான் மேஸ்திரி, கொம்பப் பாத்தா கவுந்துருவோம்" என்றான். பாதி விஷயம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதை நான் ஒப்புக்கொண்டதில்லை.

அவன் வெறுங்காலில்தான் ஓட்டுவான். அந்தக் காரில் ஆக்ஸிலேட்டர் நடுவில் இருக்கும். அதை ஒட்டி வலப்பக்கம் பிரேக். கட்டைவிரலால் ஒன்றை மிதித்தபடி, அதே பாதத்தின் சுண்டுவிரல் பக்கத்தால் மற்றதை அழுத்துவான். வளைவில் கார் நாய்க்குட்டி போலத் திரும்பும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "எஞ்சின் என்ன நெனைக்கிதுன்னு உள்ளங்கால்ல தெரியிது மேஸ்திரி" என்பான்.

சித்திரையில் சென்னையிலிருந்து விதிகள் தபாலில் வந்தன. இங்கிலீஷில் அச்சடித்த இரண்டு தாள். சின்ன முதலாளி என்னிடம் கொடுத்து, "நீ படிச்சு அவனுக்கு விவரமாச் சொல்லிரு" என்றார்.

பானெட் வார் வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், வெள்ளை உடுப்பு வேண்டும் என்று இருந்தது. காலைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். நிச்சயமாகக் கிடையாது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மதுரையில் நான் வேலை பழகியபோது, கார் எடுக்க வந்த ஒரு துரை என் வெறுங்காலைப் பார்த்துத் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். அடுத்த சம்பளத்தில் பூட்ஸ் வாங்கினேன். சென்னை மைதானத்தில், அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவே, நான் தயார் செய்த காரிலிருந்து வெடிப்பு விழுந்த இரண்டு கருத்த கால்கள் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். சேவுகனுக்காக வெட்கப்பட்டதாக அன்று நினைத்துக்கொண்டேன். எனக்காகத்தான் வெட்கப்பட்டேன்.

"பூட்ஸ் போட்டுத்தான் ஓட்டணும்னு விதி" என்றேன்.

அவன் முகம் வாடியது. "அதுல எங்க போட்டிருக்காக? காட்டுங்க."

தாளை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தேன். காரின் இரண்டு பக்கமும் எண் எழுதியிருக்க வேண்டும் என்ற வரி அது. எழுத்தறியாத அவன் குனிந்து அதையே பார்த்தான். பிறகு, "சரி, போட்டிருந்தா செய்யத்தானே வேணும்" என்றான்.

காரைக்குடிக் கடையில் நானே வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கண்மாய்க்குள் அவன் நடந்ததைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓட்டியபோது சிரிப்பு வரவில்லை. வளைவுகளில் தடுமாறினான். இரண்டு தரம் பூட்ஸின் விளிம்பு பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"ஒண்ணும் தெரியல மேஸ்திரி. கம்பளியச் சுத்திக்கிட்டு நாடி பாக்குற மாதிரி இருக்கு."

"பழகிரும்" என்றேன்.

காரை ரயிலில் ஏற்றிச் சென்னைக்குப் போனோம். முதல் நாள் பழகும்போது, எங்களுக்கு அடுத்து நின்ற காரின் ஓட்டுநரைப் பார்த்தேன். செம்பட்டை முடி வெள்ளைக்கார இளைஞன். சீட்டில் ஏறுவதற்கு முன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு உட்கார்ந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சேவுகன் அப்போது தலையைக் குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் தோளைத் தொட்டு, "கழட்டிரு சேவுகா" என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகாது. சொன்னால், அன்றைக்குக் காட்டிய வரியில் என்னதான் இருந்தது என்று கேட்பான். நான் நடந்துபோய் அவன் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாதது இதுதான். பொய் சொன்னதைவிட அப்படிப் போய் நின்றதுதான் எனக்குக் கனமாக இருக்கிறது.

மறுநாள் போட்டியில் நாலாவது சுற்றுவரை இரண்டாவதாக வந்தான். சின்ன முதலாளி நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். ஐந்தாவது சுற்றில் குளத்தோர வளைவுக்கு வந்த கார் வேகம் குறையவே இல்லை. எஞ்சின் சத்தம் குறையாமல் வந்ததைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மணல் மூட்டைகளை இடித்துப் புரண்டது. சேவுகன் வெளியே விழுந்தான். வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, அந்தப் பூட்ஸ் மட்டும் பெடலில் மாட்டியபடி காருக்குள்ளேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன முதலாளி கேட்டார். "என்னடா ஆச்சு? பிரேக் பிடிக்கலையா?" கேட்கும்போது என்னைத்தான் பார்த்தார்.

சேவுகன் படுத்தபடியே சொன்னான். "வண்டி மேல குத்தமில்ல முதலாளி. மேஸ்திரி நல்லாத்தான் செஞ்சு கொடுத்தாக. எல்லாரும் பூட்ஸு போட்டு ஓட்டுறாக. என் காலுக்குத்தான் வரல. இது மாட்டுக்காரன் காலு."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் காப்பாற்றிவிட்டான் என்றுகூட அந்த நேரத்தில் ஒரு நிம்மதி வந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் வந்தது.

முழங்கால் ஓரளவு தேறியது. விந்தி நடப்பான், ஓட்டலாம் என்றார் டாக்டர். வீட்டுக் காரை ஓட்டு, அது போதும் என்று சின்ன முதலாளி இரண்டு தரம் ஆள் அனுப்பினார். சேவுகன் வரவில்லை. ஆடு வாங்கி விற்கிறான் என்று கேள்விப்பட்டேன். நான் பெரிய மெக்கானிக் என்று பெயர் எடுத்து, காரைக்குடியில் சொந்தமாகப் பட்டறை போட்டேன்.

பதினொரு வருடம் கழித்து, உலக யுத்தம் முடிந்த பிறகு, சிங்கம்புணரிச் சந்தையில் அவனைத் தேடிப் போனேன். வேறு வேலையாக வந்ததாகத்தான் பேச்சைத் தொடங்கினேன். நல்ல வெயில். ஆடுகளுக்கு நடுவே குத்துக்கால் போட முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மேஸ்திரி, இங்குட்டு நெழல்ல வாங்க" என்று துண்டை விரித்தான்.

அந்தத் துண்டில் உட்கார்ந்து சொன்னேன். விதி இல்லை, நான்தான் சொன்னேன், காட்டியது வேறு வரி. செம்பட்டை முடிக்காரனைப் பற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஒரு ஆடு கயிற்றை இழுத்தது, சேவுகன் அதை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினான். பிறகு கேட்டான். "அப்ப என் காலு நல்ல காலுதானா?"

"உன்னை மாதிரி ஓட்டினவனை நான் இன்னும் பார்க்கல சேவுகா."

"பந்தயத்துக்கு மாடு பூட்டச் சொல்லி எங்கண்ணன் கூப்பிட்டாக, போகல. எம்மவன் வில்வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லி அழுதான். இந்தக் காலு ஆகாதுடான்னு சொன்னேன். பதினொரு வருசம் மேஸ்திரி. முட்டி ஒடஞ்சதுகூடப் பெருசில்ல."

மன்னித்துக்கொள் என்றேன்.

"நீங்க போயிருங்க" என்றான். குரல் உயரவில்லை. மரியாதையும் குறையவில்லை. நான் எழுந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

அதன்பிறகு அவனைப் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு லாரி என் பட்டறை வாசலில் வந்து நின்றது. கியர் பெட்டியில் கோளாறு. இறங்கிய ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். சேவுகன் மகன் என்றான். அப்பா மூன்று வருடம் முன்பு காலமாகிவிட்டார் என்றான். நான் சந்தைக்கு வந்துபோன மறுவருடம் அப்பா மறுபடி மாடு பூட்டினார், கண்டரமாணிக்கம் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார் என்பதையும் சொன்னான். அந்த மூன்றாவது இடத்தைச் சொல்லும்போது அவனுக்கு அத்தனை பெருமை.

"என் பட்டறை உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அப்பா சொல்லிருக்காக." பையன் கொஞ்சம் தயங்கினான். "வண்டியப் பத்தி அந்த மேஸ்திரி என்ன சொன்னாலும் நம்பு. வேற எது சொன்னாலும், இன்னொரு ஆளுகிட்டக் கேட்டுக்கன்னாக."

கியர் பெட்டியைக் கழற்றுவதற்காக லாரிக்கு அடியில் போய்ப் படுத்தேன். வேலை முடிந்த பிறகும் சிறிது நேரம் அங்கேயே கிடந்தேன்.

யுத்தத்தில் பர்மா கைவிட்டுப் போனதோடு அந்த வீட்டின் செழிப்பும் போயிற்று. மொட்டைக்காரை யாரோ பிரித்து விற்றார்கள். நாங்கள் ஓட்டிய கண்மாய்க்குள் முள்மரம் அடர்ந்து, ஆடுகூட நுழைய முடியாது. சின்ன முதலாளி இல்லை, ஆச்சி இல்லை. அந்தத் தாளில் உண்மையில் என்ன அச்சடித்திருந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் பாக்கி. நான் சொன்னால் நம்ப வேண்டாம் என்று சேவுகனே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கேட்டுப் பார்க்கலாம் என்றால், இன்னொரு ஆள் இல்லை.