டெல்மர் டிட்ரிக்கின் இடது காது

எங்கள் கெல்சன்ரிட்ஜில் பஞ்ச காலத்தில் மானத்தோடு ஏழையாக இருந்தவர்கள் பலர் உண்டு. அதில் ஆர்ஃபா டிட்ரிக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. பண்ணையை வங்கி ஏலம் விட்டுவிட்டது. கணவர் வேலை தேடி மேற்கே போனவர், போனவர்தான். மகன் டெல்மரோடு மளிகைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் குடியேறி, ஊர்த் துணிகளை வெளுத்துப் பிழைத்தாள். அயோவா முழுக்க மாவுச் சாக்கில்தான் சட்டை தைத்துப் போட்டார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் முதுகில் ஆலையின் பெயரைச் சுமந்து பள்ளிக்கூடம் போக, ஆர்ஃபா மட்டும் அந்த எழுத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பாள்.

அரசாங்க நிவாரணம் இருந்தது. பெயரைப் பதிந்துகொண்டால் மாவு, நிலக்கரி, இலவச வைத்தியர் எல்லாம் உண்டு. வாங்குகிறவர்களின் பட்டியல் மட்டும் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் பத்திரிகையில் வரும். வரி கட்டுகிறவனுக்குத் தன் பணம் யார் வயிற்றுக்குள் போகிறதென்று தெரிய வேண்டாமா? இப்படி ஒரு தலையங்கம் வந்தது. எழுதியவன் நான்தான். நன்றாகவே எழுதியிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமைகளில் பத்திரிகை அமோகமாக விற்கும்.

முப்பத்துநான்காம் வருஷம் பிப்ரவரியில் டெல்மருக்கு இடது காதில் சீழ் பிடித்தது. பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆர்ஃபா வெங்காயத்தைச் சுட்டுக் காதில் பிழிந்தாள். பையன் அலறியது பக்கத்து வீட்டு லொரீனுக்குப் பொறுக்கவில்லை.

"நிவாரண டாக்டர்கிட்ட காட்டேன் ஆர்ஃபா. சல்லிக் காசு கேக்க மாட்டார்."

"அவர் கேக்க மாட்டார். பேப்பர்க்காரன் பேரைக் கேப்பான்."

"பெரிய பேரு! என் பேருதான் மூணு மாசமா வருது. செத்தா போயிட்டேன்?"

"உனக்குத் தைரியம் இருக்கு லொரீன். எனக்கு மானம் மட்டுந்தான் இருக்கு."

மூன்று வாரத்தில் சீழ் தானாக நின்றது. ஆறிவிட்டதென்றே எல்லோரும் நினைத்தோம்.

பிறகு யுத்தம் வந்தது. பத்து வருஷமாக வராத வேலையும் கூடவே வந்தது. ஆர்ஃபா தோட்டா ஆலையில் சேர்ந்து, கடையில் வாங்கிய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தாள். நாற்பத்திரண்டு அக்டோபரில் டெல்மருக்குப் பட்டாளத்து அழைப்பு. ரயிலடியில் வாத்தியம், பாதிரியாரின் ஜெபம், போகிற பையன்களுக்கு ஆளுக்கொரு சவரப் பெட்டி என்று தடபுடலாக அனுப்பிவைத்தோம். மகன் பட்டாளத்தில் இருக்கும் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் போட்ட துணி தொங்கும். முகாமிலிருந்து முதல் கடிதம் வந்த பிறகு மாட்டுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். ஆர்ஃபாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ரயில் போன மத்தியானமே மாட்டிவிட்டாள்.

நாலாம் நாள் டெல்மர் பஸ்ஸில் வந்து இறங்கினான். முகாம் வைத்தியர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாராம். செவிப்பறையில் ஓட்டை.

மறுநாள் ஆர்ஃபா என் அலுவலகத்துக்கு வந்தாள். நட்சத்திரத் துணி மடித்துக் கையில் இருந்தது.

"இதைப் பெரிசு பண்ண வேண்டாம் மிஸஸ் டிட்ரிக்," என்றேன். "லீவுல வந்திருக்கான்னு ரெண்டு வரி போட்டுடறேன். ஊர் மறந்துடும்."

"எப்ப திரும்பிப் போறேன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? முடிவெட்டற கடையில இப்பவே, 'எந்த வழியாடா ஓடியாந்தே'ன்னு கேக்கறானுங்க. பாதி வெட்டோட எந்திரிச்சு வந்துட்டான்."

"சரி, உடம்பு சரியில்லைன்னு போடலாமா?"

"இடது காதுன்னு போடுங்க. எந்த வருஷத்துக் காதுன்னும் போடுங்க. ஏன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலைங்கறதையும் போடுங்க."

"உங்களைத்தான் நாலு பேர் பேசுவாங்க."

"என்னைத்தானே? பேசட்டும். நீங்க ஏன் வேர்க்கறீங்க மிஸ்டர் ப்ளெவின்ஸ்?"

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்தாள். பெற்றவளின் அசட்டு மானம் பிள்ளையின் காதைத் தின்றது என்ற வரியில்கூட ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. டெல்மர் டிட்ரிக்கை இடது செவிப்பறைக் கோளாறு காரணமாக ராணுவ வைத்தியர்கள் திருப்பி அனுப்பினர் என்று மூன்று வரி. அதன் பிறகு முடிவெட்டும் கடையில் வாயை மூடிக்கொண்டார்கள். பையன் மீதி முடியை வெட்டிக்கொண்டு வந்தான். வருஷமும் டாக்டரும் பட்டியலும் அந்த மூன்று வரிக்குள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஆர்ஃபாவிடம் மாட்டிக்கொண்டேன். "அச்சுல இடம் பத்தலை மிஸஸ் டிட்ரிக்," என்றேன்.

செய்திக்குக் கீழே, கண்காட்சியில் பரிசு வாங்கிய நாற்பது ராத்தல் பூசணிக்காய் ஒன்றின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தேன்.

"பாத்தேன்," என்றாள். "நல்ல பூசணிக்கா."