கடுக்காய்த் தண்ணீர் குடித்த மண்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் அடையாறிலோ மயிலாப்பூரிலோ, கீழே களிமண் கிடக்கிற மனையில் கட்டடம் எழும்ப வேண்டுமென்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தயிர் மாதிரி தளும்புகிற மண்ணைக் கல்லாக்குகிறவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? அப்படிப்பட்ட நான் மந்தைவெளியில் ஒரு தெருவுக்குள் மட்டும் வண்டியை விடுவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

எங்கள் வேலை இப்படி. இயந்திரத்தின் தண்டு திருகிக்கொண்டே மண்ணுக்குள் இறங்கும். அடியிலுள்ள அலகுகள் களிமண்ணைக் கிளறக் கிளற, தண்டு வழியாகவே சிமென்ட் பாலைப் பாய்ச்சுவோம். அதில் அனல் மின் நிலையச் சாம்பலும் கொஞ்சம் ஜிப்சமும் சேர்ந்திருக்கும். சில வாரங்களில் அந்த மண் உள்ளேயே தூணாக இறுகிவிடும். தூண்களை ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் வரிசையாகப் போட்டால் அதுவே சுவர். அந்தச் சுவரை நம்பித்தான் கார் நிறுத்தப் பள்ளம் தோண்டுவார்கள்.

மந்தைவெளி மனையை ஒட்டி ஒரு பழைய வீடு. சுண்ணாம்புச் சுவர். அதில் ஒரு மாமி தனியாக இருந்தார். அந்தப் பக்கத்து வரிசை இறுகாவிட்டால், பள்ளம் தோண்டும்போது வீட்டுக்கடியில் இருக்கிற களிமண் பிதுங்கி வெளியே வரும். பின்னாலேயே வீடும் வரும்.

சிமென்ட் பால் கலக்கும் தொட்டி என் மச்சினன் பொறுப்பில் இருந்தது. என் மனைவியின் தம்பி. என்னிடம் வருமுன் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தவன். மாமியோடு அவனுக்கு முதல் நாளே ஒட்டிக்கொண்டது.

"ஏம்ப்பா, எங்காம் சுண்ணாம்புல கட்டினது. நீங்க பாட்டுக்குப் பூமியைக் கலக்கிண்டிருக்கேளே, தாங்குமா?"

"இன்னா மாமி இப்டி கேட்டுட்ட? சுண்ணாம்புலயே வளந்தவன் நானு. உன் வூட்டுக்கு நான் கியாரண்டி."

"டேய், மாமிகிட்ட மரியாதையாப் பேசு" என்றேன்.

"நீ குறுக்க வராத மாமா. எனக்கும் மாமிக்கும் மோர் சம்பந்தம் கீது."

தினமும் மதியம் மதில்மேல் ஒரு சொம்பு மோர் வந்து உட்காரும். அவன் குடித்துவிட்டுக் கழுவி வைப்பான்.

மாமி வீட்டுப் பக்கத்து வரிசைதான் கடைசி. அது முடிந்த சாயங்காலம் மச்சினன் டீக்கடை பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடித்துவிட்டு வந்து, தூண்களைத் துளைத்து மாதிரி எடுத்தோம். மற்ற மூன்று பக்கமும் சாம்பல் நிறக் கல். இத்தனை நாளில் பாதியாவது இறுகியிருக்க வேண்டிய மாமி பக்கத்திலிருந்து வந்தது அல்வா. விரலை வைத்தால் குழிந்தது. வெயிலில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அதன்மேல் எறும்பு சாரை பிடித்திருந்தது.

சோதிக்க வந்திருந்த இன்ஜினீயர் பெண் குனிந்து பார்த்தாள். "சார், இதுல இனிப்பு போயிருக்கு" என்றாள்.

தொட்டிக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு டிரம் இருந்தது. மூடியைத் திறந்ததும் புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். சுண்ணாம்புக் காரைக்கு அது உயிர். குடிக்கக் குடிக்க இறுகும். சிமென்ட்டுக்கு அதே வெல்லம் விஷம். அவன் கை வளர்ந்தது சுண்ணாம்பில். மோர் கொடுத்த வீட்டுக்கு உயிர் கொடுப்பதாக நினைத்து, அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஊற்றியிருக்கிறான்.

"கொஞ்சமாப் போயிருந்தா லேட்டாவாவது இறுகும் சார். நிறையப் போயிருந்தா இறுகவே இறுகாது. எவ்வளவு ஊத்தினார்?"

யாரைக் கேட்பது? வீட்டில் அவன் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை.

அந்த வரிசைக்கு முன்னால் என் செலவில் புது வரிசை போட்டேன். அது இறுகியது. பின்னால் கிடக்கிற கூழின் தள்ளலை அது தாங்க வேண்டும். தாங்கும் என்று இன்ஜினீயர் பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள். இருந்தாலும், தோண்டி முடியும்வரை வெளியே தங்கச் சொல்லி மாமியைக் கேட்டோம். பழைய வரிசை இறுகவில்லை என்பதையும் சொன்னேன். ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. செத்தவனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

"எங்கப்பா கட்டின ஆத்தை விட்டுட்டு எங்கே போறது? உங்க மச்சினர் கியாரண்டி குடுத்திருக்காரே" என்றார் மாமி.

"அப்ப நானும் இங்கதான் உக்காருவேன்."

அடி மண் எடுக்கிற அன்று காலையிலிருந்து அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளியே பொக்லைன் உறுமியது. உத்தரத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் மெல்ல உதிர்ந்தது. செருப்பைக் கழற்றியிருந்தேன். உள்ளங்காலுக்குக் கீழே, வெகு ஆழத்தில், யாரோ புரண்டு படுப்பதுபோல் இருந்தது.

மாமி காபி கொண்டுவந்து வைத்தார். "பாவம், நல்ல மனுஷர். என்கிட்ட வெல்லம் கேட்டார், தெரியுமோ? எங்கப்பாவும் வெல்லம் விட்டுத்தான் இந்தச் சுவரை எழுப்பினாராம். அதனால மண்டை மண்டையா எடுத்துக் குடுத்தேன்."

"எவ்ளோ மாமி குடுத்தீங்க?"

"கேட்டப்போல்லாம் குடுத்தேன். தீந்து போச்சுன்னா கடைக்குப் போய் வாங்கிண்டு வந்து குடுத்தேன். நம்மாத்துக்குப் பண்றார், அதுக்குப் போய்க் கணக்கு பாப்பாளா?"

அப்படியானால் நிறையத்தான். இறுகவே போவதில்லை.

தூள் உதிர்வது நின்றது. போன் அடித்தது. "சார், அடி தொட்டாச்சு. புது வரிசை மயிரிழைகூட நகரல" என்றாள் இன்ஜினீயர் பெண். நான் மாமியிடம் சொன்னேன். வீடு நிற்கும் என்றேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தேளா, அந்த வெல்லம்தான் தாங்கித்து."

நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

இந்த ஊரில் என் ஆட்கள் கலக்கிய மண்ணெல்லாம் கல்லாகிவிட்டது. என் மச்சினன் கடைசியாகக் கலக்கியது மட்டும் புது வரிசைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில், அவன் கையெடுத்த சாயங்காலம் எப்படி இருந்ததோ அப்படியே, ஈரமாகக் கிடக்கிறது.