மஞ்சள் கோட்டு

மழையில் கோல்ஃப் விளையாடக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டால், எங்கள் பக்கத்தில் கோல்ஃபே இருக்காது. நோர்வூட்டில் மழைதான் வீட்டுக்காரன். வெயில் எப்போதாவது வந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகிற விருந்தாளி.

அந்த ஊரில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சீனி வருத்தம் வந்து, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா நடக்க எனக்குப் பிடிக்காது. கையில் பையும் குடையும் இல்லாமல் ரோட்டில் ஒருவன் நடந்தால் ஆளாளுக்கு வண்டியை நிறுத்தி, "என்னங்க, பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியே பிரஷரும் வந்துவிடும் போலிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் தொரை கடைக்கு மாத்திரை வாங்க வந்தவர், கோல்ஃப் விளையாட வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

தோட்டத்தை ஒட்டி வெள்ளைக்காரன் காலத்துக் கிளப் ஒன்று இருக்கிறது. ஒன்பது குழி மைதானம். உறுப்பினர்களில் பாதிப்பேர் கொழும்புக்குப் போய்விட்டார்கள், மீதிப்பேர் மேலே போய்விட்டார்கள். தொரை மட்டும் தனியாக விளையாடித் தனியாக ஜெயித்துக்கொண்டிருந்தார். தோற்பதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் தடங்கலில்லாமல் பேசுவார். ஆனால் அது வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழ். அதில் "வா" உண்டு, "போ" உண்டு, "வெட்டு" உண்டு, "வாங்க" கிடையாது. என்னையும் "நீ" என்றுதான் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மொழியில் அவருக்கு வேறு சொல்லே தெரியாது என்று புரிந்த பிறகு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை விளையாடுவோம். தோட்டத்துக்கு அது வேலை நாள், தொரைக்கும் வேலை நாள்தான். ஆபீசில் "மலை பார்க்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வருவார். ஐந்தாவது குழியிலிருந்து பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் தேயிலை மலை முழுவதும் தெரியும். ஆகவே அவர் சொன்னது பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

விளையாட்டைக் கற்பதை விட உடுப்பைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. முதல் வாரம் குடையோடு போனேன். குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பந்தை அடிக்க முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. குடைதான் பந்தை விடத் தூரம் போனது.

அடுத்து ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பொலித்தீன் கோட்டு வாங்கினேன். தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் நான் மூச்சு விட்டாலே அது மொறுமொறுத்தது. தொரை குழிக்குப் பக்கத்தில் குனிந்து பந்தைத் தட்டப்போகும் நேரம், மூக்கு அரித்ததால் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான், பந்து குழியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. "நீ அப்பளம் உடுத்திட்டு வந்தியா?" என்று கேட்டார். அவருடைய தமிழில் அப்பளம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

மூன்றாவதாக மோட்டார்சைக்கிள்காரர்கள் போடும் கனத்த கோட்டும் காற்சட்டையும். வெளியே இருந்து ஒரு சொட்டும் உள்ளே போகாது. உள்ளே இருந்தும் ஒரு சொட்டும் வெளியே வராது. மூன்று குழி நடப்பதற்குள் வேர்வையில் தெப்பமாகிவிட்டேன். மழையிலேயே நின்றிருந்தால் கோட்டுக் காசாவது மிச்சமாகியிருக்கும். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றியபோது, "குளிச்சுட்டு வந்தீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

கடைசியில் கைகொடுத்தவன் என் மச்சான். மனைவியின் தம்பி. அதே தோட்டத்தில் கண்டாக்கு, அதாவது மலையில் வேலையை மேற்பார்க்கிறவன். கம்பனி அவனுக்கு நல்ல மஞ்சள் கோட்டு இரண்டு கொடுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே வரை நீளம், அக்குளில் காற்று போக ஓட்டை, கையைச் சுழற்றினால் சத்தம் கிடையாது. தைத்தவன் கோல்ஃப் விளையாடியிருக்க வேண்டும். ஒன்றை எனக்குக் கொடுத்தான். "கம்பனிச் சாமான் மச்சான், யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றான். மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறவன் யாரிடமும் தனியாக என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மஞ்சள் கோட்டுக்கு மலையில் வேறு ஒரு வேலை இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். மழை பலத்துவிட்டால் கொழுந்தெடுக்கிற பெண்களை வேலையை நிறுத்தி இறங்கச் சொல்வது கண்டாக்கின் பொறுப்பு. மழைச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் அவன் மலை முழுவதும் தெரிகிற ஏதாவது ஒரு மேட்டில் ஏறி நின்று கையில் உள்ள தடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பான். மூடுபனிக்குள் மஞ்சள் ஒன்றுதான் தெரியும். அதைப் பார்த்ததும் இறங்குவார்கள். ஒரு நாள் சம்பளத்தை அங்கே "பேர்" என்பார்கள். கண்டாக்கு கை காட்டி இறங்கினால் முழுப் பேர். மழை தாங்காமல் அவர்களாகவே இறங்கினால் அரைப் பேர். நான் பிறந்தது அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும் யோசிக்காமல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் நீளமான மட்டையோடு மேட்டில் ஏறினேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே அடைமழை. தொழிற்சாலைக்குக் கொழுந்து குறைகிறது என்று தொரை மச்சானைப் பிடித்து உலுக்கியிருந்தார். எவ்வளவு பெய்தாலும் இன்றைக்கு யாரையும் இறக்காதே என்று அவனுக்குக் கட்டளை. அவன் ஆட்களை மலையில் விட்டுவிட்டு, கொழுந்து லொறியோடு தொழிற்சாலைக்குப் போயிருந்தான். பெண்கள் இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, தலையில் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். எப்போது மஞ்சள் தெரியும் என்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாவது குழியில் தொரை அடித்த பந்து வலது பக்கம் வளைந்து, ஓடையைத் தாண்டி, நேராக அந்தப் பெண்கள் நின்ற பக்கம் பறந்தது. தொரை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். கோணலாகப் போகிற பந்தை அவர் பார்ப்பதில்லை. நான் பதறிப்போய் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, "ஃபோர்!" என்று கத்தினேன். பந்து வருகிறது, தலையைப் பார்த்துக்கொள் என்பதற்குக் கோல்ஃபில் அப்படித்தான் கத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து மூடுபனி விலகியது.

அக்கரையில் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். பிறகு கூடைகளோடு மலையை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். ஒரு பந்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்ற நிம்மதியில் மேலும் இரண்டு குழி விளையாடினேன். இரண்டிலும் தோற்றேன்.

பிறகு தொரையின் ஃபோன் அடித்தது. ஆட்கள் எல்லாம் சொல்லாமல் இறங்கிவிட்டார்கள் என்று தொழிற்சாலையிலிருந்து செய்தி. தொரை முகம் சிவந்து ஜீப்பில் ஏறினார். என்னை இறக்கிவிட நேரமில்லாததால் நானும் கூடவே போனேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் நனைந்து, நடுங்கி, வரிசையாக நின்றார்கள். மச்சான் தராசுக்குப் பக்கத்தில் தன்னுடைய மஞ்சள் கோட்டோடு நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு நான் போட்டிருந்த கோட்டைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"யாரு எறங்கச் சொன்னது?" என்று தொரை கேட்டார். "கண்டாக்கு ஃபேக்டரியில நின்னான். சொல்லாம எறங்கினா அரைப் பேர். எல்லாருக்கும் அரைப் பேர்."

வரிசையின் முன்னால் நின்றவள் என்னோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். அப்போது என் மண்டையில் சிலேட்டால் அடித்திருக்கிறாள். இப்போது கடைக்கு வந்தால் ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

"சொல்லாம எறங்கலீங்க தொரைங்களே," என்றாள். "மஞ்ச கோட்டு கைய தூக்கிச்சு. எறங்கினோம்."

"கண்டாக்கு அங்க இல்ல."

"அது எங்களுக்கு எப்புடிங்க தெரியும்? அந்த மழையில மூஞ்சியா தெரியுது? இத்தன வருசமா கோட்டு கைய தூக்கினா எறங்குறோம். உள்ள யாரு இருக்காங்கன்னு கிட்ட போயி தொறந்து பாத்துட்டா எறங்கச் சொல்றீங்க?"

மடுவத்தில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கோட்டிலிருந்து தண்ணீர் வடிந்து சிமெந்துத் தரையில் குளம் கட்டிக்கொண்டிருந்தது. இவர்களுடைய பாதிச் சம்பளம் என் தோளில் தொங்கியது.

"நான்தான் கைய தூக்கினேன்," என்றேன். "அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"நீ எதுக்குத் தூக்கின?" என்று தொரை சீறினார். கேட்டு முடித்த பிறகுதான், அந்தக் கேள்விக்குப் பதில் வேலை நேரத்தில் ஐந்தாவது குழியில் இருக்கிறது என்பது அவருக்கு நினைவு வந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்டாயிற்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். "இதுக்குத்தானுங்க," என்று சொல்லி, கொழுந்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பந்தை எடுத்துத் தராசில் வைத்தாள். அதில் சிவப்பு மையால் ஒரு குறுக்குக்கோடு போட்டிருந்தது. தொரை தன் பந்துகளுக்கு அப்படித்தான் குறி போடுவார். நான் குறி போடுவதில்லை. நான் தொலைக்கிற வேகத்துக்கு மைதான் வீண்.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தொரை பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மச்சானிடம், "முழுப் பேர் போடு," என்றார். போகும் வழியில் ஜீப்பில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அந்தக் கலர் உனக்குச் சரியில்ல. வேற வாங்கு."

எனக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அடுத்த வாரம் கடைக்குத் தைலம் வாங்க வந்த பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஐயா, இந்தச் சனிக்கெழம வெளையாட்டு இருக்குங்களா?" என் கோல்ஃபில் இவ்வளவு பேர் அக்கறை காட்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நானும் வாய் நிறைய, இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் கோட்டு மச்சானிடம் திரும்பிப் போனது. நானும் மனைவியும் நுவரெலியாவுக்குப் போய், ஏற்றுமதியில் மிஞ்சிய ஜாக்கெட்டுகளைக் குவித்து விற்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் கரும்பச்சையில் ஒரு கோட்டைக் காட்டினார். பனி மலையில் ஏறுகிறவர்களுக்காகத் தைத்தது, தண்ணீர் வராது, வேர்வை நிற்காது என்றார். இதற்கு முன் மூன்று பேர் எனக்கு இதையே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னை அந்தக் கோட்டோடு குளியலறையில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டினாள். தேவைக்கு மேல் ஒரு வாளியும் கொட்டினாள். உள்ளே சட்டை காய்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாமானைச் சரியாக வாங்கியிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. ஐந்தாவது குழிக்கு நாங்கள் ஏறியபோது மழை முந்தைய வாரத்தை விட மோசமாக அடித்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பெண்கள் தேயிலைக்குள் நின்றார்கள். தலைப் பொலித்தீனில் விழுந்த மழை முதுகில் வழிந்து கூடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சானின் மஞ்சள் எங்கேயும் இல்லை. தொரை பந்துக்கு மேல் குனிந்து, எப்படி அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் அவருக்குப் பின்னால் நின்று மட்டையைத் தலைக்கு மேல் தூக்கினேன். கத்தவில்லை. கை வலிக்கும் வரை அப்படியே பிடித்திருந்தேன்.

அக்கரையில் ஒரே ஒரு தலை நிமிர்ந்தது. மேட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தது. பச்சைப் புல்லில் பச்சைக் கோட்டு. நான் நின்ற இடத்தைத் தாண்டி அந்தப் பார்வை போனது. பிறகு அவள் குனிந்து கொழுந்தெடுக்கத் தொடங்கினாள்.

"நீ அடி," என்றார் தொரை.

கையை இறக்கினேன். அன்றைக்கு என் கோட்டுக்குள் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.