கம்ப்யூட்டருக்கு வைத்த குங்குமம்

ஒன்பது வயதில், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான் என்பதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் நடுங்கிக்கொண்டிருந்தேன். சரஸ்வதி பூஜையன்று அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார். சூடாகிறதென்று அப்பா கம்ப்யூட்டரின் பக்க மூடியைக் கழற்றி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் என்றால் எல்லாவற்றுக்கும்தானே? உள்ளே செங்குத்தாக நின்ற இரண்டு பச்சை அட்டைகளுக்கும் தாராளமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் முதல் அது நினைத்த நேரத்தில் நின்றுபோனது. பயந்துபோய், மேலே தெரிந்த பொட்டை மட்டும் பாவாடையால் துடைத்துவிட்டேன். அப்பாவுக்கு வேலை போய் நான்கு மாதம். இனியும் கிடைக்காவிட்டால் நாங்கள் இருந்த குவீன்ஸ்டவுன் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று அம்மா போனில் அழுததைக் கேட்டிருந்தேன். அந்த நிலையில்தான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வீடியோவில் நேர்காணல் வைத்தது. மேலே கோட்டும் கீழே கைலியுமாக அப்பா பேசிக்கொண்டிருந்தபோது, பாதி வாக்கியத்தில் திரை நீலமானது. அப்பா கத்தவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நல்லவேளையாக அவர்கள் இன்னொரு நாள் கொடுத்தார்கள். ஜாலான் புசாரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பையோடு வந்தார். முதலில் பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார், மறுபடி நின்றது. பிறகு பச்சை அட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓடவிட்டார், நிற்கவில்லை. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, கழற்றி வைத்ததைப் போட்டார். பத்தே நிமிடத்தில் நீலம். போலீஸ் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி என் வீட்டை நெருங்குவது போலிருந்தது.

"இந்த ராம் மெமரி அட்டைதான் அத்தான். பாப்பா, உன் ஸ்கூல் ரப்பர் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டையின் அடிப்பக்கத் தகடுகளை ரப்பரால் தேய்த்தார். ரப்பர் சிவந்தது. மாமா ரப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல, தூசி லா," என்றார் அப்பாவிடம்.

அன்று பகல் முழுவதும் சோதனை ஓடியது. ஒரு பிழையும் காட்டவில்லை. எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை.

இரண்டாவது நேர்காணலன்று அம்மா வேலைக்குப் போயிருந்தார். நான் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அப்பாவின் குரல் அரை மணி நேரம் தடங்கலில்லாமல் கேட்டது. கடைசியில் தாழ்ந்த குரலில், "ஐ அண்டர்ஸ்டாண்ட். தேங்க் யூ," என்றார்.

சாயங்காலம் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "என்னங்க, என்ன சொன்னாங்க?"

"எங்க? கம்ப்யூட்டர் மறுபடியும் நின்னுடுச்சு."

அப்பா பொய் சொல்வார் என்று நினைக்கவே எனக்குத் தெரியாது. தேங்க் யூ சொன்ன பிறகு நின்றிருக்க வேண்டும், நான் வைத்த குங்குமம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அம்மா குளிக்கப் போனதும் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே பொட்டு வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா என் தலையில் கை வைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லாதம்மா," என்றார்.

அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டேன்.