உதடு மரக்கும் வரை ஒரு ஜாஸ்

ஊசியைப் போட்டுவிட்டு, "கொஞ்சம் மரக்கட்டும்" என்று கையுறையைக் கழற்றியவர், அலமாரிக்குப் பின்னாலிருந்து கிட்டாரை எடுக்கிறார். நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் நோயாளிக்கு வாயில் பஞ்சு, கழுத்தில் துண்டு, முகத்துக்கு மேலே விளக்கு. எழுந்து ஓட வழியில்லை. பல் டாக்டர் சுழல் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "இது மைனர் செவன்" என்று அறிவித்துத் தந்திகளை மீட்டுகிறார். பாத்திர அடுக்கு சரிந்து விழுந்தது போல ஓர் ஓசை எழுகிறது. டாக்டர் கண்ணை மூடிக்கொள்கிறார். நோயாளியும் மூடிக்கொள்கிறார், காரணம் வேறு.

தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கை அவ்வளவு மென்மை. பிடுங்கிய பல்லைக் காட்டிய பிறகுதான் பலருக்குப் பிடுங்கியதே தெரியும். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார்; முகம் மறந்துவிடும், பல் மறக்காது. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில், காம்பு வைத்த வட்டக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார். மேல் கடைவாயை நேரே பார்க்க முடியாது. அந்தக் கண்ணாடியில் பார்த்துத்தான் குடைய வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். அதைத் திருப்பிப் புரிந்துகொள்ள அவர் யோசிப்பதே இல்லை, கை தானாகச் செய்துவிடும். வீட்டில் பீரோவுக்கு அடியில் சாவி விழுந்தாலும் அதே கண்ணாடியை நீட்டித்தான் தேடுவார்.

ஜாஸ் அவரைத் தேடி வந்தது. பல்வேர் சிகிச்சை பற்றிய காணொளி ஒன்றைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. வழுக்கைத் தலையும் வரிசை தவறாத பற்களுமாக ஒரு மனிதர் கிட்டாருடன் தோன்றி, ஜாஸ் கார்டுகளை இலவசமாகச் சொல்லித் தருவதாகக் கூறிச் சிரித்தார். கார்டு என்றால் பல தந்திகளை ஒருசேர அழுத்தி ஒரே மீட்டில் எழுப்பும் ஒலி; மைனர் செவன் அதில் ஒன்று. டாக்டருக்கு அதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. "பல்லைப் பாத்தேன். ஒரு சொத்தை கிடையாது. இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார்னு தோணிச்சு" என்பார். மறுநாளே கிட்டார் வாங்கிவிட்டார்.

மாஸ்டர் திரையில் கையசைத்தால் டாக்டர் எழுந்து நின்று "வணக்கம் மாஸ்டர்" என்கிறார். ஒரு வாரம் பாடம் தவறினால், "மன்னிக்கணும், ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல பல்வலி" என்று கைபேசியிடம் காரணம் சொல்கிறார். பாடத்தின் நடுவே விளம்பரம் வந்தால் தாண்டிப் போவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுசாகப் பார்க்கிறார். "ஓசில சொல்லித் தராரு. அவருக்காக இதைக்கூடப் பாக்கலைன்னா எப்படி?" என்பது அவர் நியாயம். பார்ப்பதோடு விடுவதுமில்லை. விளம்பரத்தில் வந்த காய் நறுக்கும் இயந்திரம் அவர் வீட்டுச் சமையலறையில் இப்போது மூன்று இருக்கிறது. மாஸ்டருக்கு நம்மால் ஆனது.

தந்திகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் அவர் தொழிலிலிருந்து வந்தவை. தடித்த தந்தி கடைவாய், மெல்லியது முன்பல், நடுவில் கோரைப்பல். "கடைவாயில மூணாவது கட்டம், கோரைப்பல்லுல நாலாவது" என்று முணுமுணுத்துக்கொண்டே விரலை வைப்பார். அவர் பிடிக்கும் பிடியில் தடித்த தந்தி தரையைப் பார்த்தபடி கீழே இருந்தது. அதுவும் சரியென்றே பட்டது அவருக்கு. கனமான பற்கள் கீழ்த்தாடையில்தானே இருக்கும்?

ஓசை காதைக் குடைந்ததைப் பற்றிச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் முதல் பாடத்திலேயே மாஸ்டர் சொல்லியிருந்தார், ஜாஸ் காதுக்குப் பழக நாளாகும் என்று. டாக்டர் பழகக் காத்திருந்தார். சில மாதங்களில் பழகியும் விட்டது. பழகாதவர்கள் மற்றவர்கள்தான்.

"டாக்டர், இன்னொரு ஊசி வேணும்னாலும் போட்டுக்கங்க, அதை மட்டும் எடுக்காதீங்க" என்று கும்பிட்டவர் உண்டு. ஒரு மொத்த வியாபாரி, "மரக்கவே வேணாம், அப்படியே பிடுங்கிடுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கிளினிக்கில் எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிடும் உதவியாளர் அம்மா, வெளியே காத்திருப்பவர்களுக்கு வாயில் வைக்கும் பஞ்சுச் சுருளை இரண்டிரண்டாகக் கொடுத்துவிடுவார். "வாய்க்கு இல்லைங்க, காதுக்கு" என்று சன்னமாகச் சொல்லிக் கொடுப்பார். டாக்டருக்கு இது தெரியாது. பஞ்சு சீக்கிரம் தீர்ந்துபோவது மட்டும் தெரியும்.

இதுவரை வேடிக்கை. வேடிக்கையில்லாத சங்கதி ஒன்றும் அவரிடம் இருந்தது. அவர் மனைவி பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஆண்டு விழா, பரிசளிப்பு, பாராட்டு என்று எத்தனையோ மேடை ஏறிய பெண்மணி. ஒன்றுக்குக்கூட டாக்டர் போனதில்லை. கிளம்பும் நேரம் பார்த்து யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அவருக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் மனைவியின் கைப்பை உட்கார்ந்திருக்கும். அந்த அம்மாள் சண்டை போட்டதில்லை. ஒருமுறை மட்டும், "அந்தப் பைக்கே ஒரு பல் முளைச்சா நல்லாருக்கும்" என்றார். டாக்டர் அன்று சாப்பிடவில்லை.

இப்போது மனைவிக்குப் பணி நிறைவு விழா. இனிமேல் மேடை இல்லை, நாற்காலியும் இல்லை. விழாவில் வாசிக்கப் போவதாக டாக்டர் அறிவித்தபோது அந்த அம்மாள் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க, நீங்க வந்தா போதும். வாசிக்க வேணாம்."

"இத்தனை வருஷம் வராதவன் வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து உக்காந்தா சரியாப் போயிடுமா?"

"வந்து உக்காரத்தானே இத்தனை வருஷமா கூப்பிடறேன்!"

டாக்டர் முகம் சின்னப் பையன் முகம் போல வாடிவிட்டது. மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சரி, வாசிங்க" என்றார். அன்றே சிஸ்டருக்குப் போன் போட்டு நல்ல பஞ்சாகப் பார்த்து ஒரு பொட்டலம் தனியே வாங்கி வைத்துக்கொண்டார்.

விழாவுக்குச் சில நாள் முன்பு, ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் மேல் கடைவாயில் வலி என்று வந்தார். ஊசியைக் கண்டதும் வெலவெலத்துப் போனவரைச் சமாதானப்படுத்திக் குத்திவிட்டு, டாக்டர் வழக்கம்போல் கிட்டாரை எடுத்தார். இளைஞரின் கண்கள் பிதுங்கின. "ழ்ழா... ழலக்கை..." என்றார்.

"பேசாதீங்க தம்பி, நாக்கைக் கடிச்சுக்குவீங்க."

இளைஞர் இரண்டு கையையும் ஆட்டினார். தாளம் போடுகிறார் என்று நினைத்து டாக்டர் வேகத்தைக் கூட்டினார். பொறுக்க மாட்டாமல் இளைஞர் எழுந்து கிட்டாரைப் பிடுங்கி, அதை மறுபக்கமாகத் திருப்பிப் பிடித்து, ஒரே ஒரு கார்டை மீட்டினார். அறையே கொஞ்சம் விசாலமானது போலிருந்தது. வெளியே சிஸ்டர் எதையோ கீழே போடும் சத்தம் கேட்டது.

டாக்டர் பரிவோடு புன்னகைத்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது ஜாஸ் இல்ல."

வாய் கோணியிருந்தாலும் புத்தி நேராக இருந்தது அந்த இளைஞருக்கு. கிட்டாரை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்து, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடி முன்னால் நிறுத்தினார். மேசையிலிருந்த டாக்டரின் கைபேசியில் மாஸ்டரை ஓடவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையில் மாஸ்டர், கண்ணாடியில் டாக்டர். கிட்டாரின் கழுத்து இரண்டிலும் ஒரே பக்கம் நீண்டது. அச்சு அசல் ஒன்று போலவே இருந்தார்கள்.

கண்ணாடியில் ஒன்றாக இருந்தால் நேரில் தலைகீழ் என்பதை ஒரு பல் டாக்டருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்த மாஸ்டரை அவர் கை கண்ணாடி பிம்பமாகவே எடுத்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் பிடித்துப் பழகிவிட்டது. விரல்கள் மாஸ்டருக்கு முதல் தந்தியென்றால் இவருக்குக் கடைசித் தந்தியில். மாதக்கணக்கில் அவர் வாசித்தது ஜாஸும் இல்லை, வேறெதுவும் இல்லை. டாக்டர் மெல்ல நடந்து போய் நோயாளி நாற்காலியில் சாய்ந்தார். அந்த விளக்கு இவ்வளவு கூசும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவகிட்ட என்ன சொல்லுவேன் சிஸ்டர்?" என்றார். "மறுபடியும் வரலைன்னு சொல்றதா?"

கார்டு சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்த சிஸ்டர் இளைஞரைப் பார்த்தார். பல்லைப் பிடுங்கி, மரப்பு இறங்கி, வாய்க்குள் பேச்சு திரும்பும்வரை மூவரும் காத்திருந்தார்கள். பிறகு இளைஞர் சொன்னார்: "கையை இனிமே மாத்த முடியாது டாக்டர். தந்தியை மாத்திடுவோம். அது வரிசை திரும்பிட்டா உங்க கை சரி."

நாற்காலியில் கிட்டாரைப் படுக்க வைத்தார்கள். தந்திகளை இறுக்கிப் பிடித்திருக்கும் சின்ன முளைகள் அசையவில்லை. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, கீழ்க் கடைவாய்க்கு வைத்திருக்கும் குறடை எடுத்து, ஒவ்வொன்றாக அலுங்காமல் பிடுங்கினார். கடைசி முளையின்போது பழக்கதோஷத்தில் "வலிக்குதா?" என்றும் கேட்டுவிட்டார். தந்திகள் வரிசை திரும்பி ஏறின. டாக்டர் தம் பழைய பிடியிலேயே மைனர் செவனைப் பிடித்து மீட்டினார்.

வெளியே போயிருந்த சிஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். "டாக்டர், இது நீங்க வாசிச்சதா?"

டாக்டர் முகத்தைச் சுளித்தார். "ரொம்பத் தித்திக்குது. இவ்வளவு இனிப்பு பல்லுக்கு ஆகாது" என்றார். இதுதான் சரியான ஜாஸ் என்று இளைஞர் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பிறகும் அரை மனதாகத்தான் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். பழகிய சத்தம் போய்விட்டதில் அவருக்கு நிஜமாகவே துக்கம்.

விழா நாளும் வந்தது. டாக்டர் கோட்டு மாட்டிக்கொண்டு கிளினிக் கதவைப் பூட்டும்போது, சொல்லிவைத்தாற்போல் ஒருவர் கன்னம் வீங்கி வந்து நின்றார். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பூட்டில் சாவி ஒரு கணம் அப்படியே நின்றது. டாக்டர் கதவைத் திறந்து, அந்த மனிதரை உள்ளே கூட்டிப்போய், நாற்காலியில் உட்கார வைத்து ஊசியைப் போட்டார். பிறகு அவர் தோளைத் தட்டி, "எழுந்திருங்க, வண்டில ஏறுங்க" என்றார்.

"ழெங்கே?"

"மரக்கற நேரத்துல நான் எப்பவும் வாசிப்பேன். இன்னிக்கு வேற இடத்துல வாசிக்கறேன், அவ்வளவுதான். முடிச்சிட்டு வந்து பிடுங்கிடலாம்."

பள்ளிக்கூட மண்டபத்தில் பேச்சுகள் முடிந்திருந்தன. முன்வரிசை நடுவில் தலைமையாசிரியை. பக்கத்து நாற்காலியில் கைப்பை. வீங்கிய கன்னத்தோடு ஓர் ஆள் பின்தொடர, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறிய கணவரைப் பார்த்து அந்த அம்மாள் பெரிதாகச் சிரித்தார். டாக்டருக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானது. ஊசி போடுவதற்கு முன்னால் எல்லாரும் சிரிக்கும் சிரிப்பு அது.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். தித்திப்புதான். வேறு வழியில்லாமல் வாசித்தார். பிள்ளைகள் சலசலப்பை நிறுத்தினார்கள். கணக்கு வாத்தியார் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டார். அறிவியல் டீச்சர் தன்னை மறந்து வாயைத் திறந்திருந்தார். கீழ்வரிசையில் அடைக்க வேண்டிய பல் ஒன்று இருந்தது. மனைவி மட்டும் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் தலையாட்டிக்கொண்டு அதே சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தார். பிறகு அவர் அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கலங்கியது. ஒரு கை மெல்லக் கூந்தலுக்குள் போய், காதிலிருந்து எதையோ உருவியது. அடுத்து மறு காது.

மேடையிலிருந்தே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சுச் சுருள். நடு அளவு. தன் கிளினிக் சரக்கு.

விரல் வழுக்கியது. பாத்திர அடுக்கு சரிந்தது போல அந்தப் பழைய ஓசை மண்டபம் முழுக்க எழுந்தது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள், கணக்கு வாத்தியார் தலை நிமிர்ந்துவிட்டது. அந்த அம்மாள் ஒருவர்தான் முகம் சுளிக்கவில்லை. பிடித்து வைத்திருந்த சிரிப்பு போய், நிஜமான சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. டாக்டர் மறுபடி விரல்களைச் சரிசெய்து வாசிக்கத் தொடங்கியபோது, அவர் பஞ்சைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். பிறகு அந்தக் கைப்பையைப் பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.