அஞ்சலாட்சியக்காவின் சுரைக்காய்

அஞ்சலாட்சியக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்து, "டீச்சர், அம்மா…" என்றாள். சாயங்காலம் கிளியனூரில் எடுக்கிறார்கள்.

மரக்காணத்தில் என்னிடம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். நம் பள்ளியின் சத்துணவுச் சமையல்காரர். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம் போட்டிருந்தார். சாணியும் அடுப்புச் சாம்பலும்தான் உரம், மருந்து கிடையாது. "மருந்து அடிச்சிட்டு அதையே புள்ளைங்க தட்டுல போட சொல்றீங்களா?" என்பார்.

எந்த மாதத்தில் எது காய்க்கிறதோ அதுதான் அன்றைய சாம்பார். உதாரணத்துக்கு மார்கழி… மார்கழி முழுக்க அவரைக்காய்தான். ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர் ருசி பார்த்துவிட்டு, "ஏம்மா, தினமும் அவரைக்காயா?" என்றார்.

"அவரை காய்க்கிற மாசம் சார். வெள்ளரிய இப்பவே காய்க்கச் சொல்லி அதட்டட்டுங்களா?"

ஆபீசர் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

2004 டிசம்பர். சுனாமி. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை… பள்ளியில் பிள்ளைகள் இல்லை. கடல் தண்ணீர் கால்வாய் வழியாக ஏறி வந்து தோட்டத்தில் நின்றுவிட்டுப் போனது.

குப்பங்களில் உயிர்கள் போயிருந்த நேரம். அவரைக்கொடி கருகிவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா யாரிடமும் சொல்லவில்லை. கருகியதைப் பிடுங்கி மூலையில் குவித்துவிட்டு, நிவாரண லாரியில் வந்த முட்டைக்கோஸை நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருடம் நல்ல மழை. மண்ணில் இருந்த உப்பெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நம்பினோம். கீரை, கத்திரி, சுரை எல்லாம் விதைத்தோம். முளைத்தும் வந்தது. அக்கா காலையில் வந்ததும் அடுப்பு பற்றவைக்கும் முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்பார்.

மழை நின்றதும் தோட்டத்துக் கேணியிலிருந்து இறைத்து ஊற்றினோம். குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணீர்தான். கேணித் தண்ணீரை யாரும் வாயில் வைப்பதில்லை.

இலை நுனி கருகியது. வெயில் என்று நினைத்து இன்னும் ஊற்றினோம். இன்னும் கருகியது.

அக்காவின் வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை செய்தவர். மதியம் சாவி வாங்க வந்தவர், வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"அடியே, இது அளத்துத் தண்ணிடி! இதுல உப்பு வெளையும். சுரக்கா வெளையாது."

எங்கள் ஊரில் பாதிப் பேர் வேலை செய்வது உப்பளத்தில். சோற்றில் ஒரு கல் உப்பு கூடினால் எங்கள் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அந்தக் கேணித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பைப் தண்ணீரைத் தோட்டத்துக்கு எடுக்க முடியாது. சமையலுக்கே போதாது. அக்கா வாளியைக் கேணிச் சுவர் மேல் கவிழ்த்து வைத்தார். வேறு என்ன செய்ய?

மறுநாளிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர் முழுக்க ஒரே ஒரு சுரைக்கொடிக்குப் போனது. அதுவரை அதை மாட்டுக்கு வாங்கிப் போனவர் காலி பக்கெட்டோடு நின்றார். "ஏம்மா, என் மாடு இன்னாத்த குடிக்கும்?"

"உம்மாடு ஊரெல்லாம் மேயுது. எங்கொடி எங்கப்பா போவும்?"

அந்த வருடத்தோடு அக்காவுக்கு ரிட்டயர்மென்ட். "போறதுக்குள்ள ஒருவாட்டியாவது நம்ம காய புள்ளைங்களுக்குப் போட்டுடணும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பரீட்சை சமயத்தில் காய்த்தது. ஒன்றே ஒன்று. மற்ற பிஞ்செல்லாம் உதிர்ந்துவிட்டது.

நகத்தால் தோலைக் கீறிப் பார்த்து, "பிஞ்சுதான்" என்றார். பொடிப்பொடியாக நறுக்கி, அத்தனை பெரிய முள்ளங்கி சாம்பார் அண்டாவில் போட்டார். முள்ளங்கியோடு முள்ளங்கியாக அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஆயா, எனக்கு சுரக்கா வந்துச்சு!"

"டேய், அது முள்ளங்கிடா!"

"உன் மூஞ்சி. இது சுரக்காதான்!"

வரிசை முழுக்க இதே சண்டை. அக்கா கரண்டியைப் பிடித்தபடி, "எல்லாருக்கும் வந்துச்சு, எல்லாருக்கும் வந்துச்சு… தின்னுங்கடா" என்றார். வரவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு கிளியனூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்.

முந்தாநாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கிட்னி. என் வீட்டுக் கொடியில் காய்த்த சுரைக்காய் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு யாராவது சுரைக்காய் எடுத்துப் போவார்களா? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"உப்பே ஆவாதாம் டீச்சர். மரக்காணத்துக்காரிக்கு!" என்று சிரித்தார். சிரிக்க மூச்சு போதவில்லை.

காயை மடியில் வாங்கி, நகத்தால் கீறினார். "பிஞ்சு… மருந்து அடிக்கலியே?"

"அடிப்பேனா அக்கா?"

"அப்ப இன்னிக்கே ஆக்கிடுங்க. போட்டு வெக்காதீங்க."

மகள்தான் தயங்கிச் சொன்னாள். "வெளி சாப்பாடு எதுவும் தர வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க டீச்சர்."

"டாக்டர் சரின்னதும் உப்பில்லாம வேகவெச்சு எடுத்துட்டு வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டு, காயைத் திரும்பப் பையில் போட்டு பஸ் ஏறினேன்.

அதனால்தான் வெட்டாமல் வைத்திருந்தேன்.

இப்போதும் சமையல் மேடையில்தான் இருக்கிறது. அவர் நகம் பட்ட இடம் கறுத்திருக்கிறது.

போய்ட்டு வாங்க அக்கா…